பிரிண்டர் போச்சு, ஸ்கேனர் போச்சு: அப்டேட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

"நேற்று வரை நன்றாக ஓடியது, ராத்திரி அப்டேட் ஏறியது, காலையில் பிரிண்டர் இல்லை." இப்படி யாராவது கேட்டால் உடனே கிடைக்கும் பதில், "அந்த அப்டேட்டைக் கழற்றிவிடு." அதற்கு அடுத்த பதில், விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் இடத்தையே தொடச் சொல்வது: "ரெஜிஸ்ட்ரியில் போய் இந்த மதிப்பை 0 ஆக்கு." இரண்டுமே வேலை செய்யும், சிக்கலே அதில்தான் இருக்கிறது. பல நேரங்களில் அப்டேட் எதையும் உடைத்திருக்காது; ஒரு பழைய வழியைத் தெரிந்தே அடைத்திருக்கும். உங்கள் பிரிண்டர் இத்தனை வருடமாக அந்த ஓட்டை வழியாகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தது என்பது அடைத்த பிறகுதான் தெரியவருகிறது. கழற்றினால் பிரிண்டர் திரும்பி வரும், கூடவே ஓட்டையும் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10, 11-இல் மாதாந்திர அப்டேட் என்பது மொத்த மூட்டை. பிரிண்டருக்காக அதைக் கழற்றினால், அதே மாதம் பிரவுசர் பாகத்துக்கும் விண்டோஸின் மையக்கருவான கெர்னலுக்கும் எழுத்துரு கையாளும் பாகத்துக்கும் வந்த மற்ற திருத்தங்களும் சேர்ந்து போகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். "கொஞ்ச நாளில் மைக்ரோசாஃப்ட்டே பின்வாங்கிவிடும்" என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: தெரிந்த பிழைகளைத் தூரத்திலிருந்தே திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு அவர்களிடம் இருக்கிறது, ஆனால் அது பாதுகாப்பு சாராத மாற்றங்களுக்கு மட்டும்தான். பாதுகாப்புக்காக அடைத்ததை அந்த வழியில் திறக்கமாட்டார்கள்.

ஆகவே கீழே உள்ளவற்றை அறிகுறிப்படி பாருங்கள். உங்களுக்கு நடப்பது எதுவோ அதற்கு நேராகப் போகலாம், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

பகிர்ந்த பிரிண்டரில் இணைக்க முடியவில்லை, 11பி என்று முடியும் பிழை எண்

ஒரு கணினியில் மாட்டிய பிரிண்டரை மற்றவர்கள் நெட்வொர்க்கில் பகிர்ந்து பயன்படுத்தும் இடங்களில் வருவது. இதற்குக் காரணமான ஓட்டையின் எண் சிவிஇ-2021-1678 (பாதுகாப்பு ஓட்டைகளை அடையாளம் காட்டும் பொது எண்தான் சிவிஇ). பிரிண்டர் கணினியும் மற்ற கணினிகளும் பேசிக்கொள்ளும்போது அடையாளச் சோதனை பலவீனமாக இருந்ததால், நடுவில் ஒருவன் புகுந்து வேறொருவர் பெயரில் பேச முடிந்தது. 2021 ஜனவரியிலேயே இதற்கான திருத்தம் வந்துவிட்டது, ஆனால் கட்டாயமில்லை. அந்த வருடம் செப்டம்பர் 14 அன்று வந்த அப்டேட் அதைக் கட்டாயமாக்கியது. அன்று ஆரம்பித்த கூச்சல் வெகுநாள் ஓயவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு பக்கமும் அப்டேட் ஆகியிருக்கிறதா என்பது. பிரிண்டர் மாட்டிய கணினி புதியது, இணைய வருகிற கணினி பழையது, அல்லது அதற்கு நேர்மாறு என்றால் இந்தப் பிழை வரும். மூலையில் கிடக்கும் அந்தப் பழைய கணினியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். இரண்டையும் ஒரே மாத நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பிரிண்டரை நீக்கி மறுபடி சேருங்கள்.

அதற்கும் மசியவில்லையா? பகிர்வையே விட்டுவிடுங்கள். பிரிண்டரில் நெட்வொர்க் வசதி இருந்தால் அதன் ஐபி முகவரியைக் கொடுத்து ஒவ்வொரு கணினியிலும் நேரடியாகச் சேர்க்கலாம். இன்னொரு கணினி நடுவில் தரகர் வேலை பார்க்கத் தேவையில்லை, அந்தக் கணினி அணைந்திருந்தாலும் அச்சடிக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் 0 போடுகிற வழி இருக்கத்தான் செய்கிறது. அதைப் போட்டால் 2021 ஜனவரிக்கு முந்தைய நிலைக்கே போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

பிரிண்டர் சேர்க்கப் போனால் அட்மின் கடவுச்சொல் கேட்கிறது

இது பிழையே இல்லை. 2021 ஜூனில் ஓர் ஆராய்ச்சிக் குழு, ஏற்கெனவே அடைக்கப்பட்ட ஓட்டை என்று நினைத்து ஒரு தாக்குதல் நிரலைத் தவறுதலாக வெளியிட்டுவிட்டது. அது அடைபடாத வேறு ஓட்டை. பிரிண்ட்நைட்மேர் என்று பெயர் வாங்கிய சிவிஇ-2021-34527 அதுதான். அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் என்ற சேவை கணினியிலேயே மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுவது. பிரிண்டரை இயக்கும் நிரலான டிரைவர் என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் அதே அதிகாரத்தோடு அதை ஏற்றிக்கொண்டது. ஜூலை தொடக்கத்தில் அவசரத் திருத்தம் வந்தது. ஆகஸ்ட் 10 அப்டேட்டிலிருந்து டிரைவர் நிறுவ அட்மின் உரிமை வேண்டும் என்று ஆகிவிட்டது.

என்ன செய்யலாம்? டிரைவரை அட்மினாக இருந்து ஒருமுறை ஒவ்வொரு கணினியிலும் முன்கூட்டியே நிறுவிவிடுங்கள், பிறகு சாதாரணப் பயனர் இணைத்தால் கேட்காது. இணைக்கும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால், சர்வரில் இருக்கும் டிரைவரும் கணினியில் இருப்பதும் வெவ்வேறு பதிப்பு. இரண்டையும் ஒன்றாக்குங்கள். அப்புறம், எந்தக் கணினி ஒருபோதும் அச்சடிப்பதில்லையோ, முக்கியமாக நிறுவனத்தின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கண்ட்ரோலர், அதில் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, தானாக ஆரம்பிக்காதபடி வைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

ஸ்கேன் செய்தால் ஃபோல்டருக்கு வந்து சேரவில்லை

பழைய ஸ்கேனர், புதுக் கணினி. ஸ்கேனர் "இணைக்க முடியவில்லை" என்கிறது அல்லது ஒன்றுமே சொல்லாமல் பீப் அடிக்கிறது. காகிதம் உள்ளே போய் வெளியே வருகிறது, ஃபோல்டர் காலியாகவே இருக்கிறது.

காரணம் எஸ்எம்பி 1. கோப்பு பகிர்வுக்கான மிகப் பழைய முறை. எடர்னல்புளூ என்ற தாக்குதல் அதன் வழியாகத்தான் வந்தது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்தது, மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை அந்த வழியாகவே கிளம்பியது. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தும் போடாதவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்கும் அளவுக்குப் போனது. அதே வருட இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 சர்வர் பாகம் வருவதில்லை.

விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்தால் எஸ்எம்பி 1.0 என்ற வரிக்குக் கீழே மூன்று பெட்டிகள் இருக்கும்: தானாக நீக்கிக்கொள்வது, கிளையன்ட், சர்வர். ஸ்கேனர் கணினியின் ஃபோல்டருக்குள் எழுத வருகிறதென்றால் அங்கே கணினிதான் சர்வர். பழைய நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) நீங்கள் திறக்கப் போகிறீர்கள் என்றால் கணினி கிளையன்ட். இந்த வித்தியாசம் தெரியாமல் மூன்றையும் டிக் செய்துவிட்டு நகர்பவர்கள்தான் அதிகம்.

தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் அப்படித்தான் மூன்றும் டிக் ஆகியிருந்தது. ஸ்கேன் வந்துகொண்டிருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். நான் போனது வேறு வேலைக்கு. சும்மா இருக்க முடியாமல் ஸ்கேனரின் ஐபி முகவரியைப் பிரவுசரில் அடித்து, அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், நெட்வொர்க், அதற்குள் நெறிமுறைகள், அதற்குள் எஸ்எம்பி கிளையன்ட் என்று மூன்று படி இறங்கினால், "பதிப்பு 2" என்று ஒரு வட்டம் இருக்கிறது, யாரும் தொடாமல். அதைத் தேர்ந்தெடுத்து, சேமித்து, ஸ்கேனரை அணைத்துப் போட்டு, கணினியில் மூன்று டிக்கையும் எடுத்தேன். ஸ்கேன் வந்தது. அந்த வட்டம் எத்தனை வருடமாக அங்கே இருந்ததோ!

எனவே வரிசை இது: முதலில் ஸ்கேனரின் நிர்வாகப் பக்கத்தில் எஸ்எம்பி 2 அல்லது 3 இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் தயாரிப்பாளர் தளத்தில் புது ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மின்னஞ்சலுக்கு ஸ்கேன் அனுப்பும் வசதி, யூஎஸ்பி குச்சி. எதுவுமே இல்லாமல் எஸ்எம்பி 1 வேண்டியே தீரும் என்றால், முக்கியமான கோப்பு எதுவும் இல்லாத ஒரு கணினியை அதற்கென்று ஒதுக்கி, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். கணக்கு வழக்கு ஓடுகிற கணினியில் மட்டும் வேண்டாம்.

நாஸ் பெட்டி திறக்கவில்லை. "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை" தடுக்கிறது என்கிறது

வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து படம் பார்க்கப் போகிறவருக்கு "உங்கள் நிறுவனம்" என்று செய்தி வந்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும். நிறுவனமெல்லாம் ஒன்றுமில்லை. பெயர், கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக நுழைவதை விண்டோஸ் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இது ப்ரோ வகைக்கும் வந்தது. கூடவே, பரிமாற்றம் ஒவ்வொன்றிலும், நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும் என்பதும் கட்டாயமானது. விருந்தினர் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது என்பதால் கையொப்பமிடவும் வழியில்லை; ஆக இரண்டு பக்கமும் அடி.

நாஸ் பெட்டியில் ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, உருப்படியான கடவுச்சொல் கொடுத்து, அதையே விண்டோஸில் ஒருமுறை சேமித்துவிடுங்கள். நாஸ் அமைப்பில் கையொப்பம் பற்றிய ஒரு விருப்பம் இருக்கும், அதையும் இயக்குங்கள். பத்து நிமிடத்தில் முடியும். விருந்தினர் நுழைவை மறுபடி திறந்துவிடும் கொள்கை மாற்றம் பரவலாகப் பகிரப்படுகிறது. நெட்வொர்க்கில் யாராவது போலி நாஸ் பெட்டியாக நடித்தால் உங்கள் கணினி ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பும் என்பதுதான் அதன் பலன்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் "என்கிரிப்ஷன் ஆரக்கிள்" என்று ஏதோ சொல்லி நிற்கிறது

வேறு இடத்தில் உள்ள கணினியை உங்கள் திரையிலிருந்து இயக்குவதுதான் ரிமோட் டெஸ்க்டாப். 2018 மே 8-க்குப் பிறகு பிரபலமான பிழை, இன்னும் பழைய சர்வர்கள் உள்ள இடத்தில் தலைகாட்டுகிறது. ஓட்டை கிரெட்எஸ்எஸ்பி என்ற நுழைவு முறையில் இருந்தது, எண் சிவிஇ-2018-0886. மார்ச்சில் திருத்தம் கொடுத்தார்கள், மே மாதத்தில் "திருத்தம் போடாத சர்வரோடு பேசாதே" என்று கிளையன்ட்டுகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆகவே பிழை தெரிவது உங்கள் திரையில், கோளாறு எதிர்முனையில். உங்கள் கணினியில் எதைக் கழற்றினாலும் அது தவறான நோயாளிக்கு வைத்தியம்.

சர்வருக்கு அப்டேட் போடுங்கள். "சர்வருக்குப் போக ரிமோட் டெஸ்க்டாப்பைத் தவிர வழியே இல்லையே" என்றால், விண்டோஸின் விதிகளை மாற்றும் இடமான குரூப் பாலிசியில் இதே பெயரில் உள்ள விதியை "வல்னரபிள்" என்று தற்காலிகமாக மாற்றி, உள்ளே போய், அப்டேட் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, வெளியே வந்த கையோடு விதியைப் பழையபடி ஆக்குங்கள். இந்தக் கடைசிப் படியை நாளைக்கு என்று ஒத்திவைத்தால் அது அப்படியே இருந்துவிடும். ஆறேழு வருடம் கழித்தும் "வல்னரபிள்" என்றே கிடக்கும் கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

எக்செலில் சிவப்புப் பட்டை, மேக்ரோ ஓடவில்லை, அனுமதிக்கும் பொத்தானும் இல்லை

முன்பு மஞ்சள் பட்டை வரும், அதில் ஒரு பொத்தான், எல்லோரும் படிக்காமலே அழுத்துவார்கள். அந்தப் பொத்தானைத்தான் வைரஸ் அனுப்புகிறவர்கள் வருடக்கணக்கில் நம்பியிருந்தார்கள். 2022-இல் மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது: இணையத்திலிருந்து வந்த கோப்பில் மேக்ரோ (கோப்புக்குள் இருக்கும் குட்டி நிரல்) இருந்தால் தடை. ஜூலையில் ஒருமுறை பின்வாங்கி, அதே மாதம் மறுபடி கொண்டுவந்தார்கள்.

இணையத்திலிருந்து வந்தது என்று எக்செலுக்கு எப்படித் தெரியும்? பதிவிறக்கும்போது பிரவுசர் கோப்போடு ஒரு சின்னக் குறிப்பை ஒட்டிவைக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கோப்பின் அளவிலும் சேராது. கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராபர்ட்டீஸ், முதல் பக்கத்தின் அடியில் "அன்பிளாக்" என்று ஒரு சின்னப் பெட்டி தெரிந்தால் குறிப்பு இருக்கிறது என்று பொருள். அதை டிக் செய்து ஓகே கொடுத்தால் குறிப்பு நீங்கிவிடும், மேக்ரோ ஓடும்.

செய்யலாமா என்பது வேறு கேள்வி. அனுப்பியவரை உங்களுக்குத் தெரியும், அவர் இந்தக் கோப்பை அனுப்புவார் என்று எதிர்பார்த்தீர்கள், இரண்டுமே ஆம் என்றால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் செய்யுங்கள். தினமும் இப்படி வந்துகொண்டிருந்தால் அந்தக் கோப்புகளுக்கென்று ஒரு ஃபோல்டரை நம்பகமான இடமாக அறிவிக்கலாம். ஆனால் தயவுசெய்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரையே நம்பகமான இடமாக்காதீர்கள். அதைவிட மஞ்சள் பொத்தானே தேவலை.

பழைய வேர்டு கோப்பில் உள்ள சமன்பாட்டைத் திருத்த முடியவில்லை

கணித ஆசிரியர்களிடமிருந்து வரும் புகார். இருமுறை கிளிக் செய்தால் முன்பு திறக்கும் ஈக்வேஷன் எடிட்டர் 3.0 இப்போது இல்லை. 2000-இல் தொகுக்கப்பட்ட அந்தச் சிறு நிரல் 17 வருடம் அப்படியே ஆபீஸோடு பயணித்தது, நவீனப் பாதுகாப்புத் தடுப்புகள் எதுவும் இல்லாமல். 2017-இல் அதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். நவம்பரில் வந்த திருத்தத்தை ஆராய்ந்தவர்கள், மூல நிரல் கையில் இல்லாமல் தொகுத்த கோப்பையே நேரடியாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் போல என்று கணித்தார்கள். இன்னொரு ஓட்டையும் வெளிவந்ததும் 2018 ஜனவரியில் எடிட்டரையே தூக்கிவிட்டார்கள். அது திரும்ப வராது. எங்காவது ஒரு தளத்தில் அந்தப் பழைய கோப்பைத் தனியாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். மேத்டைப் என்ற மென்பொருள் அந்தச் சமன்பாடுகளைத் திறக்கும், அல்லது வேர்டின் சொந்தச் சமன்பாட்டுக் கருவியில் மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அப்டேட் 80070643 என்ற பிழையோடு திரும்பத் திரும்பத் தோற்கிறது

இந்த எண் பல காரணங்களுக்கு வரும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10 கணினிகளில் கூட்டமாக வந்தது மட்டும் இங்கே. வட்டு முழுவதையும் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் பூட்டைத் தாண்டிப் போகும் ஓர் ஓட்டையை, சிவிஇ-2024-20666, அடைக்க வந்த அப்டேட் அது. அது எழுத வேண்டிய இடம் மீட்புப் பகிர்வு, அதாவது வட்டில் மீட்புக் கருவிகளுக்கென்று ஒதுக்கிய தனிப் பகுதி. அங்கே 250 எம்பி காலியிடம் இல்லையென்றால் தோற்கும். "இடமில்லை" என்று சொல்லாமல் இந்த எண்ணைக் காட்டியது அவர்கள் தவறு, அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள்.

அதிகாரபூர்வ வழி, சி டிரைவைக் கொஞ்சம் சுருக்கி, மீட்புப் பகிர்வை அழித்து, பெரிதாக மறுபடி உருவாக்குவது. என் கருத்து: உங்கள் கணினியில் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இயங்கவில்லை என்றால் இதைத் தொடவே வேண்டாம். இந்த ஓட்டையைப் பயன்படுத்த ஒருவன் உங்கள் கணினியைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதோடு பூட்டே போடாத பெட்டிக்குப் பூட்டைத் திறக்கும் ஓட்டை ஒரு பொருட்டில்லை. பகிர்வுகளை வெட்டப் போய் எல்லாவற்றையும் இழப்பதுதான் அங்கே பெரிய ஆபத்து. பிட்லாக்கர் உள்ள மடிக்கணினி, பையில் போட்டு ஊரெல்லாம் எடுத்துப் போவது என்றால் செய்யுங்கள், முழு பேக்கப் எடுத்த பிறகு.

ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை, பிட்லாக்கர் மீட்பு எண் கேட்கிறது

2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகளில் வந்தது, ஆகஸ்ட் அப்டேட்டில் சரிசெய்தார்கள். பூட் சம்பந்தமான அப்டேட் எதற்குப் பின்னும் வர வாய்ப்புண்டு. அந்த 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், வேறு கருவியிலிருந்து உள்நுழைந்து பாருங்கள். இப்போது திரை நன்றாக இருக்கிறது என்றால், இந்தப் பத்தியை முடித்ததும் போய் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

வின்ரார் கோப்பைத் திறந்தேன், ஒரு கறுப்பு ஜன்னல் மின்னி மறைந்தது

இது மேலே உள்ளவை போல இல்லை. இது நிஜமாகவே கெட்ட அறிகுறி.

வின்ரார் தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளாது. 40 நாள் சோதனைக் காலம் முடிந்து பல வருடமாகியும் அதே பதிப்பு ஓடிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை, ஆனால் அதன் இன்னொரு பக்கம் இது. 6.23-க்கு முந்தைய பதிப்புகளில் சிவிஇ-2023-38831 உண்டு: காப்பகத்துக்குள் ஒரு படக் கோப்பும் அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கும், நீங்கள் படத்தை இருமுறை கிளிக் செய்தால் ஃபோல்டருக்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடும், கூடவே படமும் திறக்கும், உங்களுக்குச் சந்தேகமே வராது. பங்குச் சந்தையில் வர்த்தகம் செய்கிறவர்களைக் குறிவைத்து 2023 ஏப்ரலிலிருந்தே பயன்படுத்தினார்கள், திருத்தம் வந்தது ஆகஸ்டில். 2025-இல் வந்தது வேறு: சிவிஇ-2025-8088. நீங்கள் சொன்ன ஃபோல்டரில் விரிக்காமல், கணினி ஆரம்பிக்கும்போது தானாக ஓடும் ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குள் ஒரு கோப்பைத் தள்ளிவிடும். 7.13-இல் அடைத்தார்கள்.

ஹெல்ப் மெனுவில் அபவுட் அழுத்திப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 7.13-க்குக் கீழே என்றால் தயாரிப்பாளரின் தளத்துக்கே போய்ப் புதியதை இறக்குங்கள். ஜன்னல் மின்னியது நிஜமென்றால் அத்தோடு நிறுத்தாதீர்கள்: நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் நீங்கள் வைக்காதது ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இணையத்தோடு இணைக்காமல் ஓடும் முழுச் சோதனை விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கிறது, அதை ஓட்டுங்கள், முக்கியக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வின்ராரை அப்டேட் செய்வது அடுத்த முறைக்குத்தான் உதவும், ஏற்கெனவே ஓடியதை வெளியே எடுக்காது.

அப்டேட் ஆகிவிட்டது என்கிறது, பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர் மென்பொருள் மட்டும் இன்னும் சிவப்பு காட்டுகிறது

ரீஸ்டார்ட். சிரிக்காதீர்கள், பெரும்பாலும் அதுதான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் செய்வது முழு அணைப்பு அல்ல, கெர்னலை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்வது. "தினமும் அணைக்கிறேனே" என்பவரின் டாஸ்க் மேனேஜரில், பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் அப்டைம் 40 நாள் என்று நிற்கும். குரோமிலும் இதே கதை: புதுப் பதிப்பு இறங்கி உட்கார்ந்திருக்கும், பிரவுசரை மூடித் திறக்கும் வரை பழையதுதான் ஓடும். மூலையில் அதைச் சொல்லும் குறி சிவப்பாகியிருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கிறது என்று பொருள்.

ரீஸ்டார்ட் ஆன பிறகும் சிவப்பு என்றால், ஸ்கேனர் எந்தக் கோப்பைச் சுட்டுகிறது என்று முழுப் பாதையைப் பாருங்கள். ஜாவாவின் பழைய பதிப்பு புதியதன் பக்கத்திலேயே கிடக்கலாம். சில மென்பொருள்கள் ஒவ்வொரு பயனரின் சொந்த ஃபோல்டரிலும் தனித்தனியாக நிறுவப்படும். நீங்கள் உங்களுடையதை அப்டேட் செய்தீர்கள், வேலையை விட்டுப் போனவரின் கணக்கில் இரண்டு வருடப் பழையது தூங்குகிறது. 2023 செப்டம்பரில் வெப்பி பட வடிவத்துக்கான நூலகத்தில் சிவிஇ-2023-4863 வந்தபோது குரோமை அப்டேட் செய்தவர்கள் முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் எலக்ட்ரான் என்ற கட்டமைப்பைக் கொண்டு கட்டிய ஒவ்வொரு செயலியும் தனக்குள் ஒரு குட்டி குரோமியத்தை, அதாவது குரோமின் அடித்தளத்தை, சுமக்கிறது. அரட்டைச் செயலி, குறிப்பேடு, நிரல் எழுதும் கருவி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திருந்த வேண்டியிருந்தது.

பேட்ச் போட்ட பிறகு எக்ஸ்சேஞ்ச் வெப்மெயில் வெற்றுப் பக்கமாக வருகிறது

மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சை இன்னும் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு. பாதுகாப்புத் திருத்தக் கோப்பை இருமுறை கிளிக் செய்து நிறுவினீர்களா? அது எம்எஸ்பி வகைக் கோப்பு என்றால், அட்மின் அதிகாரத்தோடு திறந்த கட்டளை ஜன்னலிலிருந்து ஓட்ட வேண்டும். இல்லையென்றால் சில கோப்புகள் மாறாமலே நின்றுவிடும், ஒரு பிழைச் செய்தியும் வராது, வெப்மெயிலும் நிர்வாகப் பக்கமும் மட்டும் படுத்துவிடும். மறுபடி சரியான முறையில் ஓட்டினால் எழுந்துவிடும்.

எல்லாம் அடைத்தாயிற்று, ஆனாலும் யாரோ உள்ளே இருக்கிற மாதிரி இருக்கிறது

இருக்கலாம். திருடன் பரண் மேல் படுத்திருக்கும்போது வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்குவது போலத்தான் இது. அதே எக்ஸ்சேஞ்சில் 2021 மார்ச் 2 அன்று ப்ராக்ஸிலாகன் ஓட்டைகளுக்குத் திருத்தம் வந்தது, போட்டவர்கள் நிம்மதியானார்கள், ஆனால் முன்பே வந்தவர்கள் வெளியிலிருந்தே சர்வரை ஆட்டிவைக்க உதவும் வெப் ஷெல் என்ற சின்னக் கோப்புகளை விட்டுப் போயிருந்தார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான சர்வர்களில் அவற்றை நீக்க எஃப்பிஐ ஏப்ரலில் நீதிமன்ற அனுமதியோடு இறங்க வேண்டியிருந்தது. இணையதளக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்களில், அதிலும் ஏஎஸ்பிநெட் கிளையன்ட் என்ற பெயருள்ளதில், பேட்ச் போட்ட தேதிக்கு முன்னால் உருவான அறிமுகமில்லாத கோப்பு இருக்கிறதா பாருங்கள்.

விட்டுப்போவது எப்போதும் கோப்பாக இருக்காது. வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய வைக்கும் சிட்ரிக்ஸ் பெட்டிகளில் 2023 அக்டோபர் 10 அன்று அடைத்த சிட்ரிக்ஸ் பிளீட், எண் சிவிஇ-2023-4966, நினைவகத்திலிருந்து அமர்வு அடையாளங்களைக் கசியவிட்டது. அடையாளம் கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், இரண்டாம் கட்டச் சோதனையும் வேண்டாம். பேட்ச் போட்டாலும் திருடிய அடையாளம் செல்லும், எனவே எல்லா அமர்வுகளையும் வெட்டிவிட வேண்டும். 2025 ஜூலையில் நிறுவனங்கள் ஆவணங்களைப் பகிரும் ஷேர்பாயின்ட்டில், சொந்த சர்வரில் ஓடுவதில் மட்டும், சிவிஇ-2025-53770 வந்தபோது திருடு போனது, வரும் கோரிக்கை உண்மையா என்று சர்வர் சரிபார்க்கப் பயன்படுத்தும் இயந்திரச் சாவிகள். அவற்றை மாற்றி, ஐஐஎஸ் என்ற இணையதளச் சேவையை மறுபடி ஆரம்பிக்காதவரை பழைய சாவியை வைத்திருப்பவன் போலிக் கோரிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.

ஆகவே இணையத்தைப் பார்த்து நிற்கும் பெட்டி எதுவானாலும், அதற்கு அவசரத் திருத்தம் வந்தால் அறிவிப்பின் முதல் பத்தியோடு நிறுத்தாதீர்கள். "திருத்தம் நிறுவிய பின்" என்று ஆரம்பிக்கும் பத்தி கீழே எங்கோ இருக்கும், அதில்தான் அமர்வை வெட்டு, சாவியை மாற்று என்பதெல்லாம் எழுதியிருக்கும்.

அறிகுறியே இல்லாதது

2023 மார்ச்சில் அடைத்த அவுட்லுக் ஓட்டை, சிவிஇ-2023-23397. ஒரு சந்திப்பு அழைப்பு வருகிறது, அதன் நினைவூட்டல் ஒலிக்கான கோப்பு எங்கோ வெளியே உள்ள சர்வரில் இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. நேரம் வந்ததும் அவுட்லுக் அந்த ஒலியை எடுக்கக் கிளம்பும்போது உங்கள் கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஹாஷை அந்த சர்வரிடம் நீட்டிவிடும். நீங்கள் எதையும் கிளிக் செய்யவில்லை, அஞ்சலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, திரையில் ஒன்றும் மின்னவில்லை. மைக்ரோசாஃப்ட் ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தது, அஞ்சல் பெட்டிகளில் இப்படிப்பட்ட அழைப்பு கிடக்கிறதா என்று தேட.

இந்த வகைக்குப் பேட்சோடு சேர்த்து இன்னொரு தடுப்பும் உண்டு. ரவுட்டரில் அல்லது ஃபயர்வாலில், உள்ளிருந்து இணையத்துக்குப் போகும், கோப்புப் பகிர்வுக்கான 445 போர்ட்டை அடைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பிரிண்டருக்கும் நாஸ் பெட்டிக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.